கோணலாக ஒட்டிய ஸ்டிக்கர்

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல; பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். இதற்கு முன்னால் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் பதினோரு வருடம் சட்டைக் காலரில் லேபிள் வைத்துத் தைத்தேன். அது மூடியதும் காண்ட்ராக்டர் மூலமாக இங்கே தரை துடைக்க வந்தேன். கவுன்டரில் இருந்த பெண் கல்யாணமாகி மைசூருக்குப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி என்னை அங்கே உட்கார வைத்தார்கள். வேறு ஆளைத் தேடினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரிய வேலை இல்லை. வைஃபை வரவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பிரின்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது, ப்ரொஜெக்டரில் படம் நீலமாகத் தெரிகிறது என்று காலையிலிருந்து போன் வரும். யார், எந்தத் துறை, என்ன கோளாறு என்று கேட்டு நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஏற்றியதும் ஓர் எண் விழும். அதைத்தான் டிக்கெட் என்போம். எண் விழுந்துவிட்டால் அந்தப் புகாரை யாராலும் அழிக்க முடியாது. வேலையை முடித்து மூடத்தான் முடியும். ஆரம்பத்தில் எனக்கு இந்த வேலையில் பிடித்தது அதுதான். சொன்னது சொன்னபடி இருக்கும்.

எனக்குக் கூச்சம் அதிகம். போனில் பேசிவிடுவேன், முகம் தெரியாதல்லவா. நேரில் நான்கு பேர் நின்றால் குரல் உள்ளே போய்விடும். எங்கள் டெக்னீஷியன் எல்லோர் முன்னாலும் சொல்வார், "அக்காவுக்கு ஒரு ஸ்பீக்கர் மாட்டணும்ப்பா. அக்கா பேசினா அக்காவுக்கே கேக்காது." அவர் அடுகோடியில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் உருது, வேலையில் கன்னடம், மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கைவேலையில் கெட்டிக்காரர். அவருக்கு மேலே ஓர் இன்ஜினியர். கன்னடக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவருக்கும் மேலே டைரக்டர். அவரை நான் பார்ப்பது ஆயுத பூஜை அன்று மட்டும்.

ஸ்டிக்கர் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் உள்ள ஒவ்வொரு சிபியு பெட்டியின் முன்பக்கத்திலும் ஓர் எண் ஸ்டிக்கர் இருக்கும். எந்த எண் எந்த அறையில் இருக்கிறது என்பது ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் வந்து சரிபார்ப்பார்கள். ஒரு லேபில் பெட்டி ரிப்பேர் ஆகி, அதற்குப் பதிலாக எங்கள் ஸ்டோரிலிருந்து வேறு பெட்டி கொடுத்தால், எண் மாறும். எண் மாறினால் ஒரு படிவம் எழுதி மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆகும். லேபில் ஒரு மாதம் காத்திருக்க மாட்டார்கள். அதனால் நான் வருவதற்கு முன்பிருந்தே இங்கே ஒரு பழக்கம். பழைய பெட்டியின் ஸ்டிக்கரை உரித்துப் புதிய பெட்டியில் ஒட்டிவிடுவது. புதியதில் இருந்த ஸ்டோர் ஸ்டிக்கரைப் பழையதில் ஒட்டிவிடுவது. ரெஜிஸ்டரைப் பொறுத்தவரை எதுவும் நகரவில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

உரிப்பது என் வேலை. முடி காய வைக்கும் டிரையரால் சூடு காட்டி, நகத்தால் ஒரு மூலையைத் தூக்கி, கிழியாமல் எடுப்பேன். கார்மென்ட்ஸில் தப்பாகத் தைத்த லேபிளைத் துணி கெடாமல் பிரித்த கை. ஒட்டும்போது விளிம்பு விளிம்போடு சேரும்படி நேராக ஒட்டுவேன். சரிபார்க்க வந்தவர்கள் ஒரு தடவைகூட சந்தேகப்பட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இதில் வரிசை ஒன்று உண்டு. முதலில் டெக்னீஷியன் புதியதில் இருக்கும் காலி டிஸ்க்கை எடுத்துவிட்டு, பழைய பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டுவார். லேப்காரர்கள் சேமித்து வைத்ததெல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். கடைசியாக நான் ஸ்டிக்கரை மாற்றுவேன். ஸ்டிக்கர் மாறிவிட்டது என்றால் எல்லா வேலையும் முடிந்தது என்று அர்த்தம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தாவரவியல் லேபிலிருந்து அந்தப் பெட்டி வந்த நாள் அட்மிஷன் சமயம். லேப் அட்டெண்டரும் இரண்டு மாணவர்களும் தூக்கி வந்தார்கள். டிக்கெட் போடக்கூட நேரமில்லை, அரை மணியில் பிராக்டிகல் வகுப்பு. டெக்னீஷியன் திறந்து பார்த்து மதர்போர்டு போய்விட்டது என்றார். ஸ்டோரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஆன்லைன் பரீட்சை நடக்கும் ஹாலில் நெட்வொர்க் நின்றுவிட்டது என்று போன். "வந்து டிஸ்க்க மாத்திடறேன், வெயிட் பண்ணச் சொல்லுங்க" என்று ஓடினார்.

அவர் வந்ததும் சீக்கிரம் முடியட்டும் என்று நான் ஸ்டிக்கரை முதலில் மாற்றிவிட்டேன். மூன்று பேர் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்ததால் கை அவசரப்பட்டது. ஒட்டும்போது ஒன்று கோணலாகிவிட்டது. பழைய பெட்டியில் ஒட்டியதுதானே என்று விட்டேன். அதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது அட்டெண்டர் புதிய பெட்டியைக் காட்டி, "ஆயித்தா?" என்று கன்னடத்தில் கேட்டார், ஆகிவிட்டதா என்று. நான் தலையாட்டினேன். ஸ்டிக்கர் ஆகிவிட்டது என்றுதான் ஆட்டினேன். அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கூப்பிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. சரி, டெக்னீஷியன் பிறகு லேபுக்கே போய் மாட்டிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்தபோது ஹாலில் யாரிடமோ திட்டு வாங்கியிருந்தார். பழைய பெட்டியில் ஸ்டோர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். டிஸ்க்கை மாற்றாமல் ஓடியது அந்தக் கோபத்தில் அவருக்கு நினைவில்லை; வேலை முடிந்த பெட்டி, டிஸ்க் இல்லாத பெட்டி என்று எடுத்துக்கொண்டார். மூடியை மாட்டிப் பின்வராந்தாவில் ஸ்கிராப் வரிசையில் கொண்டுபோய் வைத்தார். அவர் கோபம் அடங்கட்டும், சொல்வோம் என்று இருந்தேன். பிறகு மறந்துவிட்டேன். இதற்கு வேறு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம் ஓர் ஆராய்ச்சி மாணவி கவுன்டருக்கு வந்தாள். தர்மபுரிப் பக்கத்துப் பெண். பிரசவத்துக்கு ஊருக்குப் போய், அன்றுதான் லேபுக்குத் திரும்பியிருந்தாள். வெளியே பைக் நிறுத்தும் இடத்தில் மர நிழலில் அவள் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"அக்கா, என் சிஸ்டம்ல எதுவுமே இல்லக்கா" என்றாள். "லாகின் பண்ணா புதுசு மாதிரி வருது. என் ஃபோல்டரே காணோம்."

கேழ்வரகு வேர்களைப் பற்றி ஆராய்ச்சி. ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, கழுவி, படம் எடுத்து, அளந்து வைத்திருக்கிறாள். மூன்று வருடப் படங்கள் அந்த கம்ப்யூட்டரில். முதல் வருடம் மட்டும் ஒரு பென்டிரைவில் காப்பி இருக்கிறது. பிடுங்கிய செடியைத் திரும்ப நட்டு அளக்க முடியாது. தீசிஸ் கொடுக்க இன்னும் ஐந்து வாரம். பிரசவத்துக்காக ஒருமுறை தவணை நீட்டித் தந்தாயிற்று, இனி நீட்ட மாட்டார்கள். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

இன்ஜினியர் வெளியே வந்தார். அவளிடம் பெட்டி எண்ணைக் கேட்டு கம்ப்யூட்டரில் தேடினார். அந்த எண்ணுக்கு ஒரு டிக்கெட்டும் இல்லை. ரெஜிஸ்டரைப் பார்த்தார். அதே எண், அதே அறை. பொறுமையாகத்தான் சொன்னார், "அந்த மெஷின் இங்கே வரவே இல்லம்மா. லேப்ல யாரோ ஃபார்மட் பண்ணியிருக்காங்க. உங்க லேப் ஸ்டூடென்ட்ஸக் கேளுங்க."

"வரவே இல்லையா சார்?"

"ரெக்கார்டுல இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன். எந்த லேப் என்று அவள் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அட்டெண்டர் கேட்டது, நான் தலையாட்டியது, மூன்று பேரும் பெட்டியோடு வாசலைத் தாண்டியது, எல்லாம் கண் முன்னால் வந்தது. அவள் என் மேஜைப் போனுக்குப் பக்கத்தில் அவளுடைய நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டு, "ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கக்கா" என்று போனாள். அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை.

அன்று பஸ்ஸில் போகும்போது ஒரு கணக்குப் போட்டேன். பெட்டி ஸ்கிராப் வரிசையில்தான் இருக்கும். அந்தச் சனிக்கிழமை பீன்யாவிலிருந்து லாரி வந்து பழைய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை மதியம், ஒவ்வொரு பெட்டியையும் திறந்து உள்ளே டிஸ்க் தங்கியிருந்தால் கழற்றி, டிரில்லிங் மெஷினால் நடுவில் துளை போடுவார்கள். யாரும் எடுத்துப் படித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு விதி. துளை போட்ட டிஸ்க்கிலிருந்து எதையும் எடுக்க முடியாது. ஆக, எனக்கு இருந்தது ஒரு காலைப்பொழுது.

வெள்ளிக்கிழமை காலை டெக்னீஷியன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"டிஸ்க்கோட ஸ்கிராப்புக்குப் போயிடுச்சா? நீங்க ஸ்டிக்கர் மாத்திட்டீங்களே அக்கா!"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே மாத்திட்டேன்."

"அய்யோ" என்று நெற்றியில் கை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சும்னே இருங்க. வாயத் தெறக்காதீங்க. ஸ்டிக்கர் மாத்தற கதை டைரக்டர் வரைக்கும் போச்சுன்னா உங்களுக்கும் காண்ட்ராக்ட், எனக்கும் காண்ட்ராக்ட். இந்த வருஷத்தோட டாட்டா" என்றார்.

"அந்தப் பொண்ணு பாவம்."

"பாவம்தான். நான் இல்லன்னு சொன்னேனா? நேரம் கிடைச்சா சத்தமில்லாம தேடிப் பாக்கறேன். கிடைச்சா கொண்டுபோய் மாட்டிட்டு வந்துடறேன். நீங்க போய் போன எடுங்க, அடிச்சிட்டே இருக்கு."

அவர் தேடியிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நேரம் கிடைக்கவில்லை. ஸ்கிராப் காண்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு பேர் மதியம் வர வேண்டியவர்கள், பதினோரு மணிக்கே மெஷினோடு வந்துவிட்டார்கள். டெக்னீஷியன் பெட்டிகளைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றித் தர வேண்டும். கையெழுத்துப் போட அட்மின் ஆபீஸ் ஆள் ஒருவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முன்னால் எந்த டிஸ்க்கையும் தனியாக எடுத்து வைக்க முடியாது.

நான் இன்ஜினியர் அறைக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்குள் ஏழெட்டுப் பேர் மீட்டிங்கில் இருந்தார்கள். கதவுப் பிடியில் கை வைத்தேன். உள்ளே ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி ஃபில்டர் வரை போய்த் திரும்பினேன். இரண்டாவது முறையும் கதவு வரை போனேன், அதே கதைதான். கவுன்டருக்கு வந்து உட்கார்ந்தபோது பின்வராந்தாவில் டிரில் ஆரம்பித்தது. ஒரு டிஸ்க்குக்கு அரை நிமிடம் கீச்சென்று சத்தம், பிறகு டங்கென்று இரும்புத் தட்டில் போடும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் கீச்.

ஆறாவது டங் கேட்டபோது நான் புகார் ஏற்றும் பக்கத்தைத் திறந்தேன்.

ஆறு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேருடைய புகாரை ஏற்றியிருக்கிறேன். புகார் செய்பவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை அடித்தது அன்றுதான். துறை என்ற இடத்தில் கம்ப்யூட்டர் சென்டர். கோளாறு என்ற இடத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். தாவரவியல் லேப் பெட்டியின் ஸ்டிக்கரை நான் தவறாக மாற்றி ஒட்டினேன், டிஸ்க் பழைய பெட்டியிலேயே இருக்கிறது, பெட்டி ஸ்கிராப் வரிசையில் இருக்கிறது, டிரில்லை நிறுத்தவும். நான்கு வரி. அதில் எத்தனை எழுத்துப் பிழை என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எவ்வளவு அவசரம் என்று கேட்கும் இடத்தில் மூன்று நிறம் இருக்கும். சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் எங்கள் எல்லோருடைய மொபைலுக்கும், டைரக்டருக்கும் சேர்த்து, செய்தி போகும். சர்வர் ரூமில் தீப்பிடித்தால் மட்டும் சிவப்பு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

சிவப்பைத் தொட்டேன். எண் விழுந்தது.

கண்ணாடிக் கதவுக்குள் எல்லா மொபைலும் ஒன்றாகச் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. இன்ஜினியர் மொபைலைப் பார்த்தபடி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் மீட்டிங்கில் இருந்தவர்களும் கதவருகே வந்து நின்றார்கள்.

"ஏனம்மா இது?" என்றார். "டைரக்டர்கே ஹோகிதே, அவருக்கே போயிருக்கு."

நான் எழுந்து நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும். பின்வராந்தாவைக் கையால் காட்டி, "டிரில் சார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர் இன்னொரு முறை மொபைலைப் படித்தார். பிறகு வேகமாகப் பின்பக்கம் நடந்தார். "நில்சி, நில்சி" என்று அவர் கத்துவதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

சத்தம் நின்றது.

நானும் போனேன். வராந்தா முழுக்கப் பெட்டிகள், மூடி கழற்றியதும் கழற்றாததுமாக. ஒரு பக்கம் துளை போட்ட டிஸ்க்குகள் தட்டில், இன்னொரு பக்கம் துளைக்குக் காத்திருக்கும் டிஸ்க்குகள் ஒரு சாக்கின் மேல். டெக்னீஷியன் ஸ்க்ரூ டிரைவரோடு என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லப்போவதில்லை.

"எந்தப் பெட்டி?" என்றார் இன்ஜினியர்.

ஸ்டோர் எண் எனக்கு நினைவில்லை. எண்பது பெட்டி இருக்கும், எல்லாம் ஒரே கறுப்பு. வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மற்ற எல்லா ஸ்டிக்கரும் நேராக இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒன்று மட்டும் இடது பக்கம் சாய்ந்திருந்தது. "இது" என்றேன்.

மூடி கழற்றியிருந்தது. உள்ளே டிஸ்க் இல்லை.

"கழட்டிட்டேன்" என்றார் டெக்னீஷியன். குரல் மாறியிருந்தது. "எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியல."

தட்டில் துளை போட்டவை இருபத்திரண்டு. சாக்கில் பதினான்கு. டிஸ்க்கில் எங்கள் எண் ஏதும் கிடையாது. பதினான்கையும் ஒவ்வொன்றாக மாட்டித் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. டெக்னீஷியன் கவுன்டர் மேஜையிலேயே லேப்டாப்பை வைத்து, டிஸ்க்கை வெளியிலிருந்து மாட்டும் கேபிளை எடுத்தார். இன்ஜினியர் மீட்டிங்காரர்களை அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். துண்டுச் சீட்டிலிருந்த நம்பருக்கு நான் போன் செய்தேன்.

பத்து நிமிடத்தில் அவள் வந்தாள். ஓடி வந்திருக்கிறாள், துப்பட்டா ஒரு தோளில் மட்டும் இருந்தது. யாரும் அவளிடம் விளக்கமாக எதுவும் சொல்லவில்லை. "இதுல ஒண்ணா இருக்கலாம்" என்றார் டெக்னீஷியன். அவள் தட்டிலிருந்த துளை போட்ட டிஸ்க்குகளைப் பார்த்தாள். ஒன்றைக் கையில் எடுத்து, துளை வழியாகத் தன் விரலைப் பார்த்துவிட்டு, வைத்தாள். புரிந்திருக்கும்.

முதல் டிஸ்க் ஏதோ ஆபீஸின் சம்பளக் கடிதங்கள். இரண்டாவது திறக்கவேயில்லை. மூன்றாவது, நான்காவது காலி. ஐந்தாவதில் யாருடைய கல்யாணப் போட்டோக்களோ நூற்றுக்கணக்கில் இருந்தன. "யாருப்பா ஆபீஸ் சிஸ்டம்ல கல்யாண ஆல்பம் வெச்சது, மாப்ள வேற செம கோவத்துல இருக்கான்" என்றார் டெக்னீஷியன். யாரும் சிரிக்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொன்றுக்கும் திரையில் அந்த வட்டம் சுற்றி நிற்கும்வரை நாங்கள் நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது. பத்து. டெக்னீஷியன் சட்டை அக்குள் நனைந்திருந்தது.

பதினொன்றாவது டிஸ்க்கில் ஒரே ஒரு ஃபோல்டர் தெரிந்தது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "அதுதான், அதுதான், அதத் தெறங்க" என்றாள். திறந்ததும் திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். கறுப்புத் துணி மேல் வெள்ளையாக வேர்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. தலைமுடியை விரித்துப் போட்ட மாதிரி மெல்லிய வேர்கள். நான் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவள். அதன் வேரை அன்றுதான் பார்த்தேன்.

அவள் உட்கார்ந்து அழுதாள். இன்ஜினியர் எழுந்து அவர் அறைக்குப் போய்விட்டார்.

படங்களை இரண்டு காப்பி எடுக்க மூன்று மணி நேரம் ஆகும் என்று லேப்டாப் காட்டியது. டெக்னீஷியன் மீதி வேலைக்குப் போனார். அவள் கணவர் குழந்தையை உள்ளே கொண்டுவந்தார். ஏசி குளிருக்கு ஒரு டவலைச் சுற்றியிருந்தார். அவள் பின்னாலிருந்த சின்ன அறையில் பால் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் இரண்டு போன் எடுத்தேன். மூன்றாவதை வைத்ததும் அவள் கேட்டாள்.

"நேத்து நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஸ்டிக்கர் நீங்கதான் மாத்தினீங்களா?"

"நான்தான்."

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நேத்தே சொல்லியிருந்தா ராத்திரி தூங்கியிருப்பேன்க்கா" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் தூங்கல. லேப்ல ஜூனியர் பசங்கள எல்லாம் போன் போட்டுத் திட்டிட்டேன். ஒருத்தி அழுதுட்டா."

"பயமா இருந்துச்சு" என்றேன். அவள் தலையாட்டினாள். மன்னித்த மாதிரியும் இல்லை, கோபப்பட்ட மாதிரியும் இல்லை. காப்பி முடிந்ததும் சில படங்களைத் திறந்து பார்த்தாள். கடைசி இரண்டு மாதம் எடுத்ததில் பத்துப் பதினைந்து படம் திறக்கவில்லை. அது பரவாயில்லை என்றாள். கிளம்பும்போது பின்வராந்தா வரை போய் டெக்னீஷியனுக்கு நன்றி சொன்னாள், கதவைத் தட்டி இன்ஜினியருக்குச் சொன்னாள். என்னிடம் "வரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். அது நியாயம்தான் என்று தோன்றியது.

திங்கட்கிழமை டைரக்டர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். ஸ்டிக்கரில் இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்தது. இன்ஜினியருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அவர் எழுதிய பதிலில், இது இங்கே ரொம்ப நாளாக நடக்கும் வழக்கம், தனக்கும் தெரியும் என்று எழுதியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அப்படி எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியதால்தான் எங்கள் இருவரின் காண்ட்ராக்டும் அந்த வருடம் நிற்காமல் போனது என்று நினைக்கிறேன்.

டெக்னீஷியன் மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை. டீ வாங்கி வந்தால் எல்லோர் மேஜையிலும் வைப்பார், என் மேஜையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். நாலாவது வாரம் ஒரு நாள், "என்னக்கா, இன்னிக்கு யார் மேல சிவப்பு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அதன் பிறகு சரியாகிவிட்டது. இன்றும் நான் கீபோர்டைத் தொட்டால், "எல்லாரும் ஒதுங்குங்கப்பா" என்பார்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. துளை போட்ட அந்த இருபத்திரண்டு. டிஸ்க்குக்கு முந்தி நான் ஸ்டிக்கர் மாற்றியது அந்த ஒரு தடவைதானா என்று யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான் நினைவு. ஆனால் அதைக்கூட ஐந்து மாதம் மறந்திருந்தவள்தானே. இன்ஜினியர் தனியாக இருந்தபோது போய்க் கேட்டேன், "சார், துளை போட்டதுல வேற யாருதாவது இருந்தா?" "யாராதரு கேட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். அந்தத் தட்டை லாரியில் ஏற்றாமல் ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். எல்லாத் துறைக்கும் ஒரு மெயில் போட்டார். ஒவ்வொரு போனையும் அதுவாக இருக்குமோ என்றுதான் எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழிந்து அதையும் கொண்டுபோனார்கள். கேட்கவில்லை என்பதால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஆறேழு வாரம் கழித்து அவள் மறுபடியும் வந்தாள். தீசிஸ் கொடுத்தவர்கள் லைப்ரரி, ஹாஸ்டல், எங்கள் சென்டர் என்று எல்லா இடத்திலும் ஒரு தாளில் முத்திரை வாங்க வேண்டும். எங்கள் கட்டத்தில் முத்திரை குத்துவது நான். அவள் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தாளை நீட்டினாள்.

"சப்மிட் பண்ணிட்டேன்க்கா."

முத்திரை குத்தித் தேதி எழுதினேன். அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். நான் ஏதோ கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை.

"என்னக்கா?"

"குழந்தை எப்படி இருக்கு?" என்றேன். இந்த முறை வரிசையின் கடைசியில் நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"பல்லு முளைக்குதுக்கா. எதக் குடுத்தாலும் கடிக்குது" என்று சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்தாள். லைப்ரரி நாலு மணிக்கு மூடிவிடும் என்று அவசரமாகப் போனாள்.